வெள்ளி கறுத்துவிட்டதா? தேய்ப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

போன வருடம் வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் பீரோவின் அடித்தட்டிலிருந்து கலசச் சொம்பை எடுத்தேன். அதற்கு முந்தின நோன்பு முடிந்ததும் நானே கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பிரிந்துவிடக் கூடாதே என்று மேலே இரண்டு ரப்பர் பேண்டும் போட்டு வைத்தது. பிரித்தால் சொம்பின் வயிற்றைச் சுற்றி இரண்டு கறுப்புக் கோடுகள், பேனாவால் வட்டம் போட்ட மாதிரி. ரப்பர் பேண்டு வெள்ளியைத் தொடக்கூட இல்லை, நடுவில் நாலு மடிப்புத் தாள் இருந்தது. கோட்டை ஒட்டி ஊதா கலந்த நீலம், அதைத் தாண்டினால் காப்பிக் கறை நிறம், இன்னும் தள்ளி லேசான மஞ்சள், கழுத்துப் பக்கம் மட்டும் பழைய வெள்ளை.

அம்மா வழக்கம்போல "விபூதி போட்டுத் தேய், பளிச்சுன்னு ஆயிடும்" என்றார். ஆகும்தான். இருபது வருடமாக நானும் அப்படித்தான் தேய்த்தேன். அதே சொம்பின் விளிம்புக்குக் கீழே பாட்டி பேர் வெட்டியிருக்கும்; இப்போது முதல் எழுத்து மட்டும்தான் விரலுக்குத் தட்டுப்படுகிறது, மீதியைப் படிக்க வேண்டுமென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்த எழுத்துகள் எங்கே போயின என்று யோசித்த அன்றைக்குத்தான் விபூதி டப்பாவை மூடி வைத்துவிட்டு இந்த விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், இது தெரியாமல் வைத்தியம் சொன்னால் பிடிபடாது. வெள்ளி இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. சாதாரண சூட்டில் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தனியாக அதை ஒன்றும் செய்வதில்லை, தண்ணீரும் செய்வதில்லை. அதற்கு ஆகாதது கந்தகம், அதிலும் சல்ஃபைடாக வரும் கந்தகம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தால்கூடப் போதும், நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே வெள்ளிக்குத் தெரிந்துவிடும். காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும்போது வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது, வாயு அதில் கரைகிறது, ஆக்சிஜனும் கூட வந்து உதவி செய்ய, மேற்பரப்பிலுள்ள வெள்ளி அணுக்கள் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறுகின்றன. அதுதான் அந்தக் கறுப்பு. மழைக்காலத்தில் சீக்கிரம் கறுப்பதற்கும், கடற்கரை ஊர்களில் சீக்கிரம் கறுப்பதற்கும் ஈரம்தான் முக்கியக் காரணம்.

நிறம் மாறுவது படலத்தின் தடிமனைப் பொறுத்தது. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சொட்டினால் வானவில் தெரியுமே, அதே கதை. மெல்லிய படலம் மஞ்சள், கொஞ்சம் தடித்தால் பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. என் சொம்பில் ரப்பரிலிருந்து எத்தனை தூரமோ அதற்கேற்ப இந்த வரிசை அப்படியே பதிந்திருந்தது. ரப்பருக்கு வலு வருவதற்காகக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள், அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான செய்தித்தாள்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் கொஞ்சம் கந்தகச் சத்து உண்டு. ஆக, நான் சொம்பைப் பத்திரமாக வைக்கவில்லை, ஊறப் போட்டிருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை. அது உங்கள் வெள்ளியேதான். வெள்ளி சல்ஃபைடின் எடையில் 87 சதவீதம் வெள்ளி. அதைத் தேய்த்துத் துணியில் எடுத்தால் துணியில் கறுப்பாக வருவது அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

எவ்வளவு போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 செ.மீ. விட்டமுள்ள சாப்பாட்டுத் தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறக்குறைய 1,000 சதுர செ.மீ. பரப்பு. கறுப்புப் படலம் 100 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அதில் இருக்கும் வெள்ளி சுமார் 60 மில்லிகிராம். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வீதம் 30 வருடம் தேய்த்தால் மூன்றரை கிராமுக்கு மேல், அதுவும் கறுப்பு மட்டும் போனால். பொடி போட்டுத் தேய்க்கும்போது கறுப்புக்கு அடியில் இருக்கும் நல்ல வெள்ளியும் சேர்ந்துதான் போகும். எடையைக்கூட விட்டுவிடலாம், மேடான இடம்தான் முதலில் தேயும்: மாங்காய் வேலைப்பாட்டின் விளிம்பு, லட்சுமி முகத்தின் மூக்கு, பாட்டி பேர்.

சரி, அப்போது என்ன செய்வது? கறுப்பை எடுக்காமல் அதைத் திரும்ப வெள்ளியாக மாற்றிவிட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, சமையலறையிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி.

கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு இல்லை

பூஜை அறையில் இருக்கும் வெள்ளி விளக்கின் கறுப்பில் பாதி சல்ஃபைடே இல்லை, திரியின் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். விரலால் தேய்த்தால் விரலில் மை மாதிரி ஒட்டினால் அது கரி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, அல்லது பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையில், பஞ்சு வைத்துக் கழுவினால் போய்விடும். எந்த வெள்ளியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். பிசுக்கு இருந்தால் அடுத்த கட்டம் வேலை செய்யாது, திட்டுத் திட்டாக நின்றுவிடும். கழுவிய பிறகும் விரலில் ஒட்டாமல் கறுப்போ பழுப்போ அப்படியே இருந்தால் அதுதான் சல்ஃபைடு.

பச்சையாக இருந்தால் அது வெள்ளியின் வேலையே இல்லை, உள்ளே கலந்த செம்பின் களிம்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பில் களிம்பு என்றால் உயிரோடு ஒட்டியே இருக்கும் அழுக்கான ஆணவ மலம் ஞாபகம் வரும், கொலுசு வாங்குபவர்களுக்கு டச் ஞாபகம் வர வேண்டும். கடையில் "எத்தனை டச்" என்று கேட்பார்களே, அது 100 பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான். 925 முத்திரை என்றால் 1,000 பங்கில் 925 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, வளைந்துவிடும் என்பதற்காகச் செம்பு சேர்க்கிறார்கள். உருக்கி ஆறும்போது இரண்டும் பாலும் தண்ணீரும் மாதிரி கலந்து நிற்பதில்லை. வெள்ளி மிகுந்த மணிகள் ஒரு பக்கம், செம்பு மிகுந்த மணிகள் ஒரு பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் பிரிந்து உட்காரும். வியர்வையோ உப்போ பட்டால் செம்பு மணிகள்தான் முதலில் அரிக்கப்படும், வெள்ளி அதன் பங்குக்கு அதைத் தூண்டிவிடும். டச் குறையக் குறைய இந்த அரிப்பு கூடும்.

இதை நேரில் பார்க்க ஆசை இருந்தால் வீட்டில் கிடக்கும் பழைய கொலுசு ஒன்றை எடுத்து வளையம் வளையமாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளையத்தின் முதுகு வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும், வளையம் வாய் சேரும் இடத்தில், பொடி வைத்துப் பற்றவைத்த அந்தப் புள்ளியில் மட்டும் கடுகு ஒட்டின மாதிரி கறுப்பு நிற்கும். பற்றவைக்கும் பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காக அதில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும். கொலுசு அறுந்தால் பெரும்பாலும் அங்கேதான் அறும்.

இதற்காகக் கறுத்தாலே கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 999 சுத்த வெள்ளிக் காசுகூட முட்டை நாற்றக் காற்றில் வைத்தால் கறுக்கத்தான் செய்யும். சொல்லப்போனால் வருடக்கணக்கில் கறுக்காமல் பளபளவென்று இருக்கும் "வெள்ளி"யைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்: மேலே ரோடியம் முலாம் பூசியிருக்கலாம், அரக்கு மாதிரி தெளிவான பூச்சு அடித்திருக்கலாம், இல்லை ஜெர்மன் சில்வராக இருக்கலாம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அந்த உலோகத்தில் பேரைத் தவிர வெள்ளி ஒரு துளி கிடையாது. ஜெர்மேனியம் கலந்து, கறுப்பு மெதுவாகப் பிடிக்கும்படி செய்த ஒரிஜினல் வெள்ளியும் உண்டு, ஆர்ஜென்டியம் என்று பேர், நம் ஊர்க் கடைகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது.

இன்னொரு கறுப்பு வேண்டுமென்றே வைத்தது. ஆக்சிடைஸ்டு நகை என்று விற்கிறார்களே, பள்ளமெல்லாம் கறுப்பாக, மேடு மட்டும் வெள்ளையாக. பேர் தப்பு, அதில் இருப்பது ஆக்சைடு இல்லை, கந்தகக் கரைசலில் முக்கி வரவழைத்த அதே சல்ஃபைடுதான். அதைச் சுத்தம் செய்யக் கிளம்பினால் கொடுத்த காசு வீண்.

ஃபாயில் வைத்தியம்

தேவையானவை: சாப்பாடு சுற்றும் அலுமினிய ஃபாயில், ஆப்ப சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், பொருள் முழுகுகிற அளவுக்கு ஒரு பாத்திரம். கண்ணாடியோ பீங்கானோ எவர்சில்வரோ எதுவானாலும் சரி. பழைய அலுமினியக் குண்டான் ஒன்று சும்மா கிடந்தால் ஃபாயிலே வேண்டாம், அதிலேயே செய்யலாம், ஆனால் அப்புறம் அதில் சமைக்காதீர்கள்.

பாத்திரத்தின் அடியில் ஃபாயிலை விரியுங்கள். பளபளப்புப் பக்கம் மேலேயா கீழேயா என்று வீடியோக்களில் பெரிய விவாதம் நடக்கும், இரண்டும் ஒன்றுதான். கழுவிய வெள்ளியை அதன் மேல் வையுங்கள், வெள்ளி ஃபாயிலைத் தொட வேண்டும், இதுதான் முக்கியம். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஆப்ப சோடா தூவி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தண்ணீரை ஊற்றுங்கள். பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அழுகிய முட்டை நாற்றம் வரும். வந்தால் சந்தோஷப்படுங்கள், வெள்ளியை விட்டுக் கந்தகம் கிளம்புகிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான், வீட்டு அளவில் செய்யும்போது வருகிற வாயு ரொம்பக் கொஞ்சம். (நான் முதல் தடவை செய்தபோது பக்கத்து வீட்டு மாமி கேஸ் கசிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்.)

நடப்பது இதுதான்: அலுமினியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுப்பதில் வெள்ளியைவிடப் பல மடங்கு ஆர்வம். சாதாரணமாக அதன் மேல் ஒரு ஆக்சைடு தோல் மூடியிருக்கும், சோடாவின் காரத்தன்மையும் சூடும் அந்தத் தோலைக் கரைத்துவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் வழியாக எலக்ட்ரான்கள் வெள்ளி சல்ஃபைடுக்குப் போகின்றன, வெள்ளி வெள்ளியாகத் திரும்புகிறது, கந்தகம் தண்ணீருக்குள் இறங்கி நாற்றமாக வெளியேறுகிறது, அலுமினியம் தன்னை அழித்துக்கொண்டு மங்கிப் போகிறது. ஒரு சின்ன பேட்டரி ஓடுகிற மாதிரி. அதனால்தான் தொட வேண்டும் என்று சொன்னேன், தொடாத கொலுசு தண்ணீரில் சும்மா ஊறிக்கொண்டு கிடக்கும்.

இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் விடுங்கள், நடுவில் மரக்கரண்டியால் புரட்டிப் போடுங்கள். தண்ணீர் ஆறிவிட்டால் வேகம் குறைந்துவிடும், கெட்டியாகக் கறுத்த பொருளுக்குப் புதுத் தண்ணீர், புது ஃபாயில் என்று இரண்டு மூன்று சுற்று போக வேண்டியிருக்கும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, உடனே காய வையுங்கள். கொலுசின் சலங்கைக்குள்ளும் சொம்பின் உருட்டு விளிம்புக்குள்ளும் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், ஃபேனுக்கு அடியில் அரை நாள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். கடையில் மெருகு போட்ட பளபளப்பு வராது. திரும்பி வரும் வெள்ளி மேற்பரப்பில் பஞ்சு மாதிரி உட்காருகிறது, அதனால் பார்க்க வெள்ளை வெளேரென்று மங்கலாக இருக்கும். மெத்தென்ற பருத்தித் துணியால் ஒரே திசையில் லேசாகத் துடைத்தால் கொஞ்சம் மினுமினுப்பு வரும், அதோடு விட்டுவிடலாம். அப்படித் துடைக்காமல் விட்டால் அந்தப் பஞ்சுப் பரப்பு மறுபடி சீக்கிரமே கறுக்கவும் செய்யும். என் சொம்பில் மஞ்சள், பழுப்பு, நீலம் எல்லாம் முதல் சுற்றிலேயே போய்விட்டது, ரப்பர் பேண்டு கோடு மட்டும் மூன்று சுற்று கேட்டது. இன்றைக்கும் சாய்த்துப் பார்த்தால் அந்த இரண்டு வட்டமும் மங்கலாகத் தெரியும், அங்கே பரப்பே கொஞ்சம் அரித்துப் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டேன்.

எதையெல்லாம் இதில் போடக் கூடாது என்பதைக் கவனமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வரலட்சுமி முகம், சாமி கவசம், கனமாகத் தெரியும் சிலைகள் பலவற்றில் வெள்ளி வெறும் தகடுதான், உள்ளே அரக்கோ மெழுகோ நிரப்பியிருப்பார்கள். கொதிநீரில் போட்டால் உள்ளே உருகி, தகடு உள்வாங்கிவிடும். தட்டிப் பார்த்து "டிங்" என்று கேட்காமல் "டொக்" என்று கேட்டால் வைத்துவிடுங்கள். மரச்சட்டத்தின் மேல் அறைந்த தகடும் அப்படித்தான். ஜோசியர் சொல்லி வெள்ளியில் கட்டிப் போட்ட முத்து மோதிரம், பவள மோதிரம் எதுவும் சூடான சோடாத் தண்ணீரைத் தாங்காது, முத்தின் ஒளி செத்துவிடும். கல்லை ஒட்டவைத்த நகை, எனாமல் அடித்த கொலுசு, ஆக்சிடைஸ்டு நகை எல்லாம் வேண்டாம். ஆக்சிடைஸ்டு நகையைத் தவிர மற்றவற்றுக்கு வெள்ளி துடைக்கும் துணி ஒன்று கடைகளில் கிடைக்கும், அதை வைத்துக் கறுத்த இடத்தை மட்டும் மெதுவாக ஒற்றித் துடையுங்கள். முகம் மாதிரியான பொருளுக்கு மெல்லிய சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் தொட்டுச் சுற்றுவது ஓரளவு சாது. நல்ல சலித்த விபூதியும் இந்த ரகம்தான், நான் அதை ஒரேயடியாகத் திட்டவில்லை. வருடா வருடம், முழுப் பாத்திரத்தையும், கை வலிக்கத் தேய்ப்பதைத்தான் சொல்கிறேன்.

பற்பசை வேண்டாம். பல்பொடி வேண்டவே வேண்டாம். பல்லின் மேல்தோலுக்கு என்று செய்த அந்தத் துகள்களுக்கு வெள்ளி வெண்ணெய் மாதிரி, தேய்த்ததும் வருகிற பளபளப்பு ஆயிரம் நுண் கீறல்களின் பளபளப்பு, கீறலில் ஈரமும் அழுக்கும் தங்கி அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கறுக்கும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கும் செம்புக்கும் அருமையானவை, களிம்பைக் கரைத்துவிடும், ஆனால் வெள்ளி சல்ஃபைடு இம்மாதிரி மெல்லிய அமிலத்துக்கு அசையாது. புளி போட்டு வெள்ளி பளிச்சென்று ஆனது என்று யாராவது சொன்னால் போனது பிசுக்கும் செம்புக் களிம்பும், கூடவே கை தேய்த்த தேய்ப்பும். முக்கி எடுத்தால் பத்தே விநாடியில் வெளுக்கும் திரவங்கள் விற்கின்றன. அவற்றில் பெரும்பாலும் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும், தயோயூரியாவுக்குள்ளேயே கந்தகம் இருக்கிறது, சரியாக அலசாவிட்டால் அதுவே மறுபடி கறுக்க வைக்கும். சாப்பிடுகிற தட்டில் எனக்கு அது வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே போகாதீர்கள், குளோரின் வெள்ளியைப் பிடித்துக்கொண்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், அது இன்னொரு தலைவலி.

கந்தகம் எங்கிருந்தெல்லாம் வருகிறது

வீட்டுக்குள்ளேயே நிறைய. பெருங்காயத்தின் அந்த வாசனையே கந்தகச் சேர்மங்கள்தான். வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், கடுகு, முட்டை, சாட் மசாலாவில் போடுகிற கருப்பு உப்பு எல்லாம் அதே குடும்பம். குழந்தைக்கு வெள்ளிக் கரண்டியில் முட்டை மஞ்சள் கரு ஊட்டினால் கரண்டி கறுத்துவிடும், சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்று பதறிப் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். வெள்ளி விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை வேறு இருக்கிறது. தாளகம், மனோசிலை போன்ற பழைய ஆர்சனிக் சரக்குகள் கந்தகத்தோடு சேர்ந்தே கிடைப்பவை, அவற்றிலிருந்து எடுத்த பாஷாணத்தில் கந்தக மிச்சம் இருந்தால் வெள்ளி கறுத்திருக்கலாம். சுத்தமான வெள்ளைப் பாஷாணத்தை வெள்ளிக் கிண்ணத்தில் போட்டால் கிண்ணம் சும்மாதான் இருக்கும்.

கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு, கண் திருஷ்டி என்பதும் இந்த வகை. வியர்வையில் உப்பு உண்டு, தோலில் கந்தகம் உள்ள புரதம் உண்டு, ஆளுக்கு ஆள் அளவு மாறும். போர் தண்ணீரில் முட்டை நாற்றம் வருகிற வீடுகளில் ஒரே வாரத்தில் கறுக்கும். பொடுகுக்குப் போடுகிற செலினியம் சல்ஃபைடு ஷாம்பூ, சொறிக்குப் போடுகிற கந்தகக் களிம்பு, இவற்றோடு குளித்துவிட்டுச் செயினையும் அரைஞாண் கொடியையும் பார்த்துப் பயந்தால் எப்படி. தீபாவளிப் புகையிலும் கந்தகம்தான், பட்டாசு மருந்தில் பாதிப் பெருமை அதற்கே. கூவம் ஓரமோ, சாக்கடை தேங்கும் தெருவிலோ குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோலிலிருந்து முடி நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுத்தும் தோல் தொழிற்சாலைகள் பக்கம் இருப்பவர்களுக்கும்தான்.

வைக்கும் முறை

நன்றாகக் காய்ந்த வெள்ளியை, கஞ்சி போடாத, பல தடவை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அதை ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு உறை, இரண்டு உரசினால் கீறல். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கறுப்பைத் தடுக்கும் காகிதம் கிடைத்தால் ஒரு துண்டு வையுங்கள், வருகிற கந்தகத்தை அது முதலில் பிடித்துக்கொள்ளும், தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் சாக்பீஸ் துண்டு போட்டு வைத்தார்கள், அது ஈரத்தை இழுக்கும், கந்தகத்தை அல்ல. ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளித் துணி, வெல்வெட் ஒட்டிய மலிவுப் பெட்டி, தடித்த பளபள பி.வி.சி. கவர் எதுவும் வேண்டாம். நூலால் கட்டலாம்.

இதையெல்லாம்விட எளிய வழி, தினமும் புழங்குவதுதான். தினம் சாப்பிட்டுக் கழுவுகிற தட்டு, காலிலேயே கிடக்கும் மெட்டி இவையெல்லாம் பீரோவுக்குள் கிடக்கும் தாம்பாளத்தைவிடக் குறைவாகத்தான் கறுக்கும். என்ன, ஊறுகாயையும் உப்பையும் அதில் மிச்சம் வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, உப்பு வெள்ளியைக் குழி குழியாக அரிக்கும், அது திரும்பி வராது.

தெரியாத்தனமாக ஆக்சிடைஸ்டு தோட்டை ஃபாயிலில் போட்டு வெளுத்துவிட்டவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, சூட்டோடு உடைத்து, மஞ்சள் கருவை மசித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். தோட்டை முட்டை மேல் படாமல் இன்னொரு சின்னத் தட்டில் வைத்து, இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் போட்டு இறுக மூடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம், கறுப்பு என்று நான் மேலே சொன்ன வரிசையில் கண் முன்னால் மாறும். வேண்டிய கறுப்பு வந்ததும் எடுத்துக் கழுவி, மேடான இடத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டால் பள்ளத்தில் கறுப்பு நிற்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யலாம், முட்டையை மட்டும் அப்புறம் யாரும் சாப்பிடாதீர்கள்.

பட்டறைக்கு எப்போது கொடுப்பது? பச்சைக் களிம்பு பற்றவைத்த இடத்தில் ஆழமாகப் பிடித்திருந்தால், கொலுசு வளையம் மெலிந்திருந்தால், அரக்கு நிரப்பிய சிலை கன்னங்கரேலென்று ஆகியிருந்தால் ஆசாரி கையில்தான் கொடுக்க வேண்டும். கொலுசைச் சூடு காட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். கந்தகம் எதிரி என்று சொல்லிவிட்டு இதென்ன என்று கேட்கலாம். அதில் இருப்பது சல்ஃபைடு இல்லை, சல்ஃபேட், அது வெள்ளியைத் தொடாமல் மேலே இருக்கும் செம்பு ஆக்சைடை மட்டும் கரைத்துவிடும். மேற்பரப்பில் செம்பு போய் வெள்ளி மிகுந்த ஒரு தோல் நிற்கிறது, புதுக் கொலுசின் அந்தப் பால் வெள்ளை அதுதான். அந்தத் தோலை நாம் வீட்டில் பொடி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் செம்புக் கலவை வெளியே வந்து முன்பைவிடச் சீக்கிரம் நிறம் மாறுகிறது. மெருகுச் சக்கரத்தில் பிடிப்பதும் இதே மாதிரி தோலைத்தான் எடுக்கும், அதனால் "லேசா வெளுத்தா போதும், சக்கரத்துல பிடிக்க வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். நான் ஒரு தடவை ஒரு கடையில் சொல்லாமல் கொடுத்துவிட்டு, குங்குமச் சிமிழின் மூடியில் இருந்த அன்னப்பட்சியின் கண் காணாமல் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண் எதிரில் எடை போடச் சொல்லுங்கள், மில்லிகிராம் வரை சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.